நிலவுப் படத்துக்குக் கலர் அடிப்பதா ஆராய்ச்சி?

கேள்வி | 21 ஜூலை 2025

ராயபுரத்துல மொட்டை மாடியில டெலஸ்கோப் வெச்சுப் பார்க்கிறேன். மணலிப் பக்கம் எரியற தீ, ஹார்பர் லைட்டு, கடல் ஈரம் மூணும் சேர்ந்து வானம் ராத்திரியிலும் வெளுத்தே கிடக்கு. சனி வளையம் ஏதோ பூசினாப்ல தெரியுது. இந்த லட்சணத்துல சில பேர் விண்கலம் எடுத்த படத்தை இறக்கி, கலர் அடிச்சுப் போட்டு "ஆராய்ச்சி"ங்கிறாங்க. சொந்தமா வானத்தைப் பார்க்காதவன் என்ன ஆராய்ச்சி பண்ண முடியும்? முடியும்னா யாராவது சொல்லுங்க.

21 ஜூலை, இரவு

முடியும். கோள்களை ஆராய்ச்சி செய்கிறவர்கள் வேலை நேரத்தில் பார்ப்பது கணினித் திரையைத்தான். விண்கலம் அங்கே போய் அளந்து அனுப்புகிறது. அளவை எடுத்து அது எதைச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் மனுஷன் வேலை. அதைக் கல்மண்டபத்தில் உட்கார்ந்தும் செய்யலாம்.

கலர் விஷயத்துக்கு வருகிறேன். சந்திரயான்-1 நிலவில் நீர் கண்டதாக 2009 செப்டம்பரில் அறிவித்தபோது நீலம், பச்சை, சிவப்பு கலந்த ஒரு நிலவுப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே, நினைவிருக்கிறதா? அதில் நீலம் என்பது 3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி ஒளி உறிஞ்சப்படும் இடம். அங்கே நீர் அல்லது ஹைட்ராக்சில் இருக்கிறது. பச்சை, அகச்சிவப்பில் தரை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்ற அளவு. சிவப்பு, பைராக்சீன் என்ற கனிமம். எம்3 என்ற நிறமாலைக் கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் அலைநீள வாரியாக எடுத்த எண்களைக் கண்ணுக்குக் காட்ட வேறு வழியில்லை. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று முடிவெடுப்பதில்தான் ஆராய்ச்சியே இருக்கிறது. அது தெரியாமல் அடித்தால் நீங்கள் சொன்ன மாதிரி வெட்டிவேலை. அதுவரைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

22 ஜூலை

இன்று சந்திரயான்-2 ஏவிய நாள். 2019, பகல் 2.43. ஏவியது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்த ஆர்பிட்டர், அதாவது சுற்றுக்கலம், இன்னும் நிலவைச் சுற்றிக்கொண்டிருப்பதையும், அதன் தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் எல்லாருக்கும் திறந்து கிடப்பதையும் எத்தனை பேர் சொல்கிறார்கள்? பதிவு செய்துகொண்டால் போதும். காசு இல்லை.

23 ஜூலை

எம்3 கதையில் எனக்குப் பிடித்த பகுதியை நேற்று முன்தினம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

காசினி விண்கலம் சனிக்குப் போகும் வழியில் 1999 ஆகஸ்டில் பூமியையும் நிலவையும் கடந்து போனது. போகிற போக்கில் தன் அகச்சிவப்புக் கருவியை நிலவின் பக்கம் திருப்பியது. அந்தத் தரவிலேயே 3 மைக்ரான் பள்ளம், அதாவது அந்த அலைநீளத்தில் ஒளி உறிஞ்சப்பட்டு அளவுக் கோடு இறங்குவது, இருந்தது. அப்போலோ கற்களைப் பார்த்தபின் நிலவு முழுக்கக் காய்ந்த உலகம் என்பது பாடப்புத்தக முடிவு. அதனால் அந்தப் பள்ளம் பத்து வருஷம் பேசப்படவில்லை. சந்திரயான்-1இல் அதுவே தெரிந்ததும் காசினித் தரவைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். டீப் இம்பாக்ட் விண்கலமும் வால்வெள்ளிக்குப் போகும் வழியில் 2009இல் நிலவை அளந்து அதையே சொன்னது. மூன்று கட்டுரைகளும் சேர்ந்தே வெளிவந்தன.

வெவ்வேறு வேலைக்குக் கிளம்பிய மூன்று கலங்கள். இதுதான் நான் சொல்ல வருவது. ஒரு கேள்விக்காக எடுத்த தரவு இன்னொரு கேள்வியோடு வருகிறவனுக்காகக் கிடக்கிறது. அந்த இன்னொருவன் எந்த ஊரில் இருந்தாலும் தரவுக்கு ஒன்றும் இல்லை.

23 ஜூலை, நள்ளிரவு தாண்டி

கரன்ட் போய் வந்தது, தூக்கம் போய்விட்டது. அந்த 3 மைக்ரான் பற்றி இன்னும் கொஞ்சம்.

நிலவின் தரை பகலில் சூடேறி அதுவே அகச்சிவப்பை உமிழ்கிறது. 3 மைக்ரான் பக்கம் அந்த உமிழ்வு சூரிய ஒளிப் பிரதிபலிப்போடு கலந்துவிடும். கழித்தால்தான் நீரின் பள்ளம் சரியாகத் தெரியும். குறைவாகக் கழித்தால் நீர் இல்லாத மாதிரி இருக்கும். அதிகமாகக் கழித்தால் நீர் இல்லாத இடத்திலும் பள்ளம் முளைக்கும். மதியத்தில் நீர் குறைகிறதா, எல்லா நேரமும் அதே அளவா என்ற வாதம் இன்றும் ஓடுவதற்குக் காரணம் இந்தக் கழித்தல்தான்.

நான் ஹார்பரில் சர்வே போட்டில் வேலை பார்த்தவன். தூர் வாருவதற்கு முன்னும் பின்னும் எக்கோ சவுண்டர் போட்டு ஆழம் எடுப்போம். கருவி காட்டுகிற எண்ணில் அந்த நேரத்து டைடை, அதாவது கடல்மட்ட ஏற்றத்தை, கழிக்காமல் எழுதினால் அது ஆழமே இல்லை, வெறும் எண். எம்3 தரவைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. வெப்பம் அங்கே டைடு.

24 ஜூலை

"பெரிய படிப்பு வேண்டாமா" என்று கேட்டவருக்கு: கட்டுரையாக வெளியிட வேண்டும் என்றால் துறை தெரிந்தவர் கூட வேண்டும். கவனித்து, சரிபார்த்து, தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு முக்கோணவியல் போதும். சும்மா சொல்லவில்லை. கணக்கோடு ஒரு உதாரணம் தருகிறேன், ஞாயிறு வரைக்கும் பொறுங்கள்.

30 ஜூலை

ஞாயிறு போனது, வேலை வந்துவிட்டது. அதற்குள் இன்று மாலை 5.40க்கு நைசார் செயற்கைக்கோள் போனது. எங்கள் தெருவில் பாதிப் பேர் மாடியில் இருந்தார்கள். வடக்கே ஒரு வெளிச்சம் ஏறி மேகத்துக்குள் புகுந்தது. கீழ்வீட்டுப் பாட்டி, "போய்ச்சா? சரி, சோறு வடிக்கிறேன்" என்று இறங்கிவிட்டார். ஸ்ரீஹரிகோட்டா இவ்வளவு பக்கத்தில் இருப்பதில் ராக்கெட் எங்களுக்கு வீட்டு விஷயம் ஆகிவிட்டது.

நைசார் பூமியைப் பார்க்கும் ரேடார், கோள் ஆராய்ச்சி இல்லை என்று ஒருவர் உடனே எழுதிவிட்டார். உண்மைதான். ஆனால் ரேடார் பழகினால் வெள்ளிக்கே போகலாம். வெள்ளியில் எப்போதும் மேகம், சாதாரணக் கேமராவுக்குத் தரை தெரியாது. மெகல்லன் விண்கலம் 1990 முதல் ரேடாரால் அதன் தரையில் கிட்டத்தட்ட முழுவதையும் படமெடுத்தது. 2023இல் ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் அந்தப் பழைய படங்களிலிருந்து மாட் மோன்ஸ் எரிமலைப் பக்கம் ஒரு வாய் மாறியிருப்பதைக் கண்டார்கள். 1991 பிப்ரவரியில் ஏறக்குறைய 2.2 சதுர கிலோமீட்டர் பரப்பில் வட்டமாக இருந்தது, அக்டோபரில் 4 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்து வடிவம் குலைந்திருந்தது. எட்டு மாதத்தில் மாறியது, கண்ணில் பட 32 வருஷம் ஆனது.

ஏன் இத்தனை வருஷம்? முதல் சுற்றில் ரேடார் ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தது, அடுத்த சுற்றில் எதிர்ப்பக்கம். ஒரே மலை இரண்டு படத்திலும் இரண்டு மலை போல இருக்கும். அதனால் கணினியிடம் விட்டு ஒப்பிட முடியவில்லை, ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்தார். பிறகு அந்த வாய்க்குப் பல வடிவங்களைக் கணினியில் கட்டி, எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைந்து பார்த்து, பார்வைக் கோணத்தால் மட்டும் இந்த வித்தியாசம் வராது என்று காட்டினார்கள். படம் மாறியது என்று சொல்வது சுலபம். தரை மாறியது என்று சொல்ல இவ்வளவும் வேண்டும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

சொன்ன கணக்கு இதோ.

சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் 2019 செப்டம்பர் 7 அதிகாலை தொடர்பு அறுந்து விழுந்தது. நிலவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ கலம் செப்டம்பர் 17 அன்று அந்தப் பகுதியைப் படமெடுத்தது. 26ஆம் தேதி படத்தைப் பொதுவில் போட்டு, விழுந்த இடம் தெரியவில்லை என்றார்கள். சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்ரமணியன் அதே இடத்தின் பழைய படத்தோடு அதை வைத்துப் பார்த்து, ஒரே ஒரு பிக்சல் புதிதாக வெளுத்திருப்பதைக் கண்டு எழுதி அனுப்பினார். எல்ஆர்ஓ கேமராக் குழு அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த படங்களோடு சரிபார்த்து, டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. அவர் கண்ட துண்டு, லேண்டர் விழுந்த இடத்துக்கு வடமேற்கே 750 மீட்டர் தள்ளிக் கிடந்தது.

ஒரு பிக்சலைக் கண்டதோடு முடிந்துவிடாது. அது கல்லா, நிழல் விலகிய விளிம்பா, கேமராக் கோளாறா என்று பிரிக்க வேண்டும். செப்டம்பர் படத்தில் ஒரு பிக்சல் 1.3 மீட்டர், சூரிய ஒளி செங்குத்திலிருந்து 84 டிகிரி சாய்ந்து விழுந்தது. நவம்பர் படத்தில் பிக்சல் 0.7 மீட்டர், சாய்வு 72 டிகிரி. இப்போது 1 மீட்டர் உயரக் கல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் நீளம் என்பது உயரத்தை டேன் 84 ஆல் பெருக்கியது: 9.5 மீட்டர். டேன் 72 ஆல் பெருக்கினால் 3.1 மீட்டர். செப்டம்பரில் ஒரு சின்னக் கல்லே ஏழு பிக்சல் நீளத்துக்குத் தரையை மறைத்தது. நவம்பரில் நாலைந்து பிக்சல்தான், அதுவும் ஒவ்வொன்றும் சின்னப் பிக்சல். முதல் படத்தில் தெரியாதது அடுத்ததில் ஏன் தெரிந்தது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். இது பள்ளிப் பாடம்.

4 ஆகஸ்ட்

"இஸ்ரோ ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டதே, அவருக்கு எதற்குப் பெருமை" என்று ஒருவர். நம் ஆர்பிட்டர் விக்ரம் கிடக்கும் இடத்தைக் கண்டதாக இஸ்ரோ செப்டம்பர் 8ஆம் தேதியே சொன்னது, சரி. படத்தை அப்போது வெளியிடவில்லை. சண்முக சுப்ரமணியனுக்கு அதிலிருந்து எந்தத் துப்பும் கிடையாது. எல்லாருக்கும் கிடைத்த படத்தை வைத்து அவர் பார்த்தார். இரண்டையும் மோதவிட்டு என்ன சாதிக்கப் போகிறோம்?

9 ஆகஸ்ட்

அக்கா மகள் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். வந்தவளை உட்காரவைத்து நிலவுப் படம் ஒன்றைக் காட்டினேன். "மாமா, இது பூரா கொப்புளமா இருக்கே, குழி எங்க?" என்றாள். லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். திருப்பியதும், "ஐயோ, குழியாயிடுச்சு!"

வெளிச்சம் மேலிருந்து வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. படத்தில் சூரியன் கீழே இருந்தால் பள்ளம் மேடாகத் தெரியும். நான் இதற்கு ஒரே பழக்கம் வைத்திருக்கிறேன். படத்தைத் திறக்கும் முன் கூட வரும் லேபிள் கோப்பைத் திறந்து, சூரியன் எந்தத் திசை, எத்தனை டிகிரி, ஒரு பிக்சல் எத்தனை மீட்டர் மூன்றையும் தாளில் எழுதிவிடுவேன். தாள் இல்லாமல் உட்கார மாட்டேன். அவள் இப்போது அதே பழக்கத்துக்கு வந்துவிட்டாள், என் தாளையும் சேர்த்து எடுத்துப் போகிறாள்.

16 ஆகஸ்ட்

சனிக்கிழமை அத்தோக் கடையில் கேள்வி கேட்டவரையே சந்தித்தேன். நேரில் அவ்வளவு கோபம் இல்லை. டெலஸ்கோப்பை விற்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். காரணம் அடுத்து எழுதுகிறேன்.

8 செப்டம்பர்

நேற்று இரவு முழு சந்திர கிரகணம். 11 மணியிலிருந்து 12.22 வரை முழு மறைவு. எங்கள் பக்கம் மேகம் விட்டுவிட்டுத்தான் வழிவிட்டது. இருந்தும் செம்பு நிறத்தில் ஒரு துண்டு நேரம் கிடைத்தது, காசிமேட்டில் படகுக்காரர்கள்கூட நிமிர்ந்து நின்றார்கள்.

அந்த நேரத்தில் நிலவின் தரையில் நடப்பது வேறு. வெயில் நின்றதும் தரை வெப்பம் சட்டென்று நூறு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். எல்ஆர்ஓவில் உள்ள டிவைனர் கருவி இதை அளந்திருக்கிறது. மேல்தோல் அவ்வளவு மெல்லிய தூள், வெப்பத்தை உள்ளே கடத்துவதே இல்லை.

சந்திரயான்-3இன் சேஸ்ட் என்ற வெப்பம் அளக்கும் கருவி இதைத்தான் தரையில் குத்திப் பார்த்தது. 2023 ஆகஸ்டில் இஸ்ரோ போட்ட வரைபடத்தில் மேலே 50 டிகிரி செல்சியசுக்கு மேல், 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10. ஒரு சாண்கூட இல்லாத ஆழத்துக்குள் கோடையும் உறைபனியும். இந்த ஆண்டு மார்ச்சில் வந்த கட்டுரை இன்னும் வியப்பு: கருவி இறங்கிய இடம் சூரியனைப் பார்த்து 6 டிகிரி சாய்ந்த சரிவு, அங்கே 82 டிகிரி. ஒரு மீட்டர் தள்ளிச் சமதளத்தில் 59.

ஜூலையில் எழுதிய வெப்பக் கழித்தலோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். மேலே இருந்து பார்க்கும் கருவியின் ஒரு பிக்சலுக்குள் இப்படி எத்தனை சரிவு இருக்கும்! தென்துருவம் பக்கம் போகப் போக இது பெரிதாகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தரையில் எடுத்த ஒரு அளவு சுற்றுவட்டத்தில் எடுத்த ஆயிரம் அளவுகளை மறுபடி படிக்கவைக்கும்.

10 செப்டம்பர்

டெலஸ்கோப்பை விற்காதீர்கள் என்றதற்குக் காரணம். என் முதல் குறிப்பைப் படித்தால் வானத்தையே பார்க்க வேண்டாம் என்கிற மாதிரி இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

நுங்கம்பாக்கத்தில், இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில், மதராஸ் வானாய்வகம் இருந்தது. 1792இல் கட்டியது. தமிழ் எழுத்தும் பொறித்த கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். அங்கேயே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி கூடிக் குறையும் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டார். எந்தப் புள்ளி வழக்கமானது, எது புதுசு என்று வானத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அவர்கள். சண்முக சுப்ரமணியன் திரையில் செய்ததும் அதே வேலைதான். கண் பழக வேண்டும். அது மாடியிலும் பழகும். மங்கலான சனியையே வாரக்கணக்கில் பார்த்து வரையுங்கள்.

14 செப்டம்பர்

சந்திரயான்-3 பேச்சு வந்ததால் ஒன்று. ரோவரின் ஏபிஎக்ஸ்எஸ் கருவி 103 மீட்டர் பாதையில் 23 இடங்களில் மண்ணில் என்னென்ன தனிமங்கள் என்று அளந்தது. போன ஆண்டு ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்த முடிவு: இரும்பு கலந்த அனார்த்தசைட் என்ற வெளிர் பாறை வகை. நிலவு ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்து, இலேசான கனிமம் மிதந்து மேலோடாக உறைந்தது என்ற கருத்துக்கு இது பலம். அதே வகைப் பாறை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. நிலவு மண் மாதிரியைச் செய்ய இஸ்ரோ அங்கிருந்துதான் பாறை எடுத்தது. அக்கா மகள் அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

21 செப்டம்பர்

எங்கிருந்து தொடங்குவது என்று நிறையப் பேர். சோஹோ விண்கலத்தில் தொடங்கச் சொல்வேன். 1995இல் ஏவிய சூரிய ஆய்வுக் கலம், வால்வெள்ளி தேடுவதற்கு அனுப்பியதே இல்லை. சூரியனை ஒரு தட்டால் மறைத்து எடுக்கும் அதன் படங்களில் இதுவரை 5,000க்கு மேல் வால்வெள்ளிகள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் பொதுமக்கள் கண்ணில். 5,000ஆவது 2024 மார்ச்சில். படங்கள் அன்றன்றே வருகின்றன. அடுத்தடுத்த படங்களில் ஒரு புள்ளி ஒரே வேகத்தில், ஒரே கோட்டில் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு படத்தில் மட்டும் பளிச்சென்று வந்து போவது கேமராவில் மோதிய துகள். அதைக் கண்டு துள்ள வேண்டாம்.

28 செப்டம்பர்

"எல்லாத்தையும் நிபுணர்கள் சல்லடை போட்டுச் சலித்திருப்பார்கள், நமக்கு என்ன மிச்சம்" என்ற மனக்குறை ஒன்று வந்திருக்கிறது. உண்மையிலேயே பதில் சொல்ல ஆசைப்படுகிற கேள்வி.

வாயேஜர்-2 யுரேனசைக் கடந்தது 1986 ஜனவரி 24. இன்றுவரை அங்கே போன ஒரே கலம். அந்தக் காந்தமானித் தரவை எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள்! 2019இல் ஜீனா டிபிராச்சியோ, டேனியல் கெர்ஷ்மன் என்ற ஆய்வாளர்கள் அதையே 1.92 விநாடிக்கு ஒரு புள்ளி என்று நெருக்கி வரைந்தார்கள். சராசரி எடுத்தபோது வழுவழுவென்று போன கோடு ஏறி இறங்கியது. அதில் 45 மணி நேரப் பயணத்தின் ஒரே ஒரு 60 விநாடியில், யுரேனசின் வளிமண்டலத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும் ஒரு பிளாஸ்மாக் குமிழை, அதாவது மின்னேற்றத் துகள்களின் திரளை, அடையாளம் கண்டார்கள். புதுக் கலம் இல்லை, புதுத் தரவு இல்லை. மிச்சம் இருக்கிறது ஐயா, நிறையவே.

2 அக்டோபர்

திருவொற்றியூர் அன்பருக்கு: 4 ஜிபி லேப்டாப் போதும். எல்ஆர்ஓ குறுங்கோணக் கேமராவின் ஒரு முழுப் படம் 5,064 பிக்சல் அகலம், 52,224 வரி நீளம் வரை போகும். அதை அப்படியே திறந்தால் கணினி மூச்சுவிடாது. தளத்திலேயே வேண்டிய இடத்தை வெட்டி எடுங்கள். ஆயிரத்துக்கு ஆயிரம் பிக்சல் போதும். லேபிள் கோப்பை மறக்காமல் கூடவே இறக்குங்கள். முன்-பின் ஒப்பிட இரண்டு படம் தேர்ந்தெடுக்கும்போது சூரியக் கோணம் ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போகும் ஜோடியாகப் பாருங்கள். திசையும் ஒரே பக்கமாக இருக்கட்டும். கிடைக்கவில்லை என்றால் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள், அந்த ஜோடியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.